சென்னையில் புயலும் பெருமழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரி, மடிப்பாக்கம் வட்டாரத்தில் குடியிருப்போர் நலச் சங்க வேலைகளில் இருப்பதால், ஐப்பசி பிறந்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் ஆண்டுதோறும் என்னிடம் வந்து சேர்கின்றன. மாடிப்படியில் நிறுத்திக் கேட்பவர்களும் உண்டு, நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் புயல் என்றால் காற்று, தண்ணீர் என இரண்டு தனித்தனி ஆபத்துகள். காற்று ஊர் முழுவதையும் ஏறக்குறைய ஒன்றுபோல் தாக்கும். தண்ணீரோ தெருவுக்குத் தெரு வேறுபடும். ஆகவே புயலின் பெயரையும் வேகத்தையும் அறிந்துகொள்வதைவிட, உங்கள் தெரு எந்த மட்டத்தில் இருக்கிறது, அங்கே விழும் மழை எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பதை அறிந்துகொள்வது பயன் தரும்.

1. புயல் சீசன்னு எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும் சொல்லணும்?

வங்கக் கடலில் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி ஒரு பருவத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு பருவத்திலும் புயல்கள் உருவாகின்றன. கோடைப் புயல்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கி ஒடிசா, மேற்கு வங்காளம், வங்கதேசம், மியான்மர் பக்கம் சென்றுவிடும். ஆனாலும் 2010 மே மாதத்தில் ஆந்திரக் கரையைக் கடந்த லைலா புயல் போகிற போக்கில் சென்னையிலும் கனமழையைக் கொட்டிவிட்டுப் போனது.

நமக்கு முக்கியமானது வடகிழக்குப் பருவமழைக் காலம். அது சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. தீபாவளி கழிந்துவிட்டால் இனிப் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல, புயல் எப்போது வேண்டுமானாலும் வரும். நிலம் புயல் 2012 அக்டோபர் 31-லும், நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டியும், வர்தா 2016 டிசம்பர் 12-லும், தானே 2011 டிசம்பர் 30-லும் கரையைக் கடந்தன. செப்டம்பர் கடைசியில் ஏற்பாடுகளை முடித்துவிட்டு, பொங்கல் வரை விழிப்போடு இருப்பதே சரி.

2. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்னு மாத்தி மாத்திச் சொல்றாங்க. எது பெருசு?

இந்த வரிசை முழுவதும் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பிரிக்கப்படுகிறது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுப்பெற்று, காற்று மணிக்கு 31 கி.மீ. வேகத்தை எட்டினால் அது தாழ்வு மண்டலம், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 கி.மீ. வேகத்தை எட்டினால் புயல், அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. 89 கி.மீ. வேகத்திலிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரப் புயல், 222-ஐ எட்டினால் சூப்பர் புயல். பெயர்களை 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கின்றன. டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வு மையம் பட்டியலில் அடுத்து உள்ளதை அறிவிக்கிறது.

இந்தப் பிரிவுகள் மழையின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2015 டிசம்பர் 1-ல் சென்னையை மூழ்கடித்த மழை பெயர் சூட்டப்பட்ட புயலால் வந்ததன்று. "வலுவிழந்து தாழ்வு மண்டலமாக மாறியது" என்ற செய்தியைக் கேட்டுப் பாயை விரித்துப் படுத்துவிடக் கூடாது. காற்று தணிந்திருக்கலாம், மழை அப்படியே இருக்கலாம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகுதான் விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது.

3. ரெட் அலர்ட்னு சொன்னாங்க, மழையே பெய்யலையே. இதை எப்படி நம்புறது?

ஒரு நாளில் 6.5 செ.மீ. அளவை எட்டினால் கனமழை, 11.5 செ.மீ. தாண்டினால் மிக கனமழை, 20.4 செ.மீ. தாண்டினால் அதி கனமழை. இங்கே ஒரு நாள் என்பது காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள் என்று பொருள். மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்பிருந்தாலும் மாவட்டம் முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை தரப்படும். எந்தத் தெருவில் கொட்டும் என்று அது சொல்வதில்லை.

2024 அக்டோபர் 16-ல் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தும் அன்று மழை குறைவாகவே பெய்தது. மழை மேகக் கூட்டம் கடலிலேயே சில பத்து கிலோமீட்டர் விலகி நின்றாலே இப்படி ஆகிவிடும். மழை வராத எச்சரிக்கை நாளில் நாம் இழப்பது ஒரு நாள் வேலை. எச்சரிக்கையைப் புறக்கணித்த நாளில் மழை வந்துவிட்டால் இழப்பதற்கு வரம்பில்லை. 20 செ.மீ. மழை என்றால் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் மட்டும் ஏறக்குறைய 44,000 லிட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட நான்கு தண்ணீர் லாரிகள் கொள்ளும் அளவு விழுகிறது. அதைத் தெருவில் உள்ள மனைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால், மழைநீர் வடிகால் ஏன் திணறுகிறது என்பது விளங்கும்.

4. துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாமே, அது நமக்கும் சேர்த்துத்தானா?

அது கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் உரிய எச்சரிக்கை. 1-ம் 2-ம் தொலைவில் உள்ள புயலைக் குறிக்கும். 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்று சொல்லும். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள். காசிமேடு, எண்ணூர், பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பகுதி மக்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். கரையிலிருந்து தள்ளி வசிப்பவர்கள் நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மழை, காற்று எச்சரிக்கையைப் பின்பற்றினால் போதும்.

5. வீட்டுல என்னதான் வாங்கி வைக்கணும்? லிஸ்ட் கொடுங்க.

நீண்ட பட்டியல் தேவையில்லை. மூன்று நாள் மின்சாரமும் கடையும் இல்லாமல் அதே வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள், எது குறைகிறதோ அதை வாங்குங்கள். வர்தாவுக்குப் பிறகு புறநகரின் பல பகுதிகளில் அதைவிடக் கூடுதலான நாட்கள் மின்சாரம் இல்லை. குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, கேன் போடுபவரிடம் புயலுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வையுங்கள். மின்சாரம் போன பிறகு மோட்டார் ஓடாது. 2023 மிக்ஜாம் புயலின்போது பால் கிடைக்காமல் கைக்குழந்தை உள்ள வீடுகள்தான் மிகவும் தவித்தன. ஆகவே பால் பவுடர், குழந்தை உணவு, அவல், ரவை, பிஸ்கட், பேரீச்சம்பழம், ஒரு சிலிண்டர் உபரி ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள்.

டார்ச், பவர் பேங்க், தினசரி மருந்துகள் ஒரு வாரத்துக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், குளோரின் மாத்திரை, சில்லறைப் பணம் ஆகியவை அவசியம். மின்சாரமும் செல்போன் டவரும் ஓய்ந்தால் யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் நடக்காது. பேட்டரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று வைத்திருப்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். அகில இந்திய வானொலியின் 101.4 பண்பலையில் செய்தி கேட்க இணையம் வேண்டியதில்லை. பத்திரம், ஆதார், பள்ளிச் சான்றிதழ்களை ஜிப் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. ஜன்னல் கண்ணாடியில பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டினா உடையாதுன்னு சொல்றாங்களே?

டேப் கண்ணாடியை வலுப்படுத்தாது. உடைந்தால் பெரிய துண்டுகளாக விழும், அவ்வளவுதான். அந்த நேரத்தை மொட்டை மாடியில் செலவிடுங்கள். கழற்றி வைத்த தகர ஷீட், உடைந்த நாற்காலி, பூந்தொட்டி, வெல்டிங் விட்டுப்போன டிஷ் ஆண்டெனா, கொடிக்கம்பி ஆகியவைதான் மணிக்கு 100 கி.மீ. காற்றில் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைப்பவை. காலித் தண்ணீர்த் தொட்டி உருண்டுவிடும். நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடையோடு நிற்கும். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்திருக்கும் இலைச் சருகைக் கையால் அள்ளிவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் மாடியில் தேங்கும் தண்ணீர் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கும்.

7. வீட்டு முன்னாடி பெரிய மரம் இருக்கு, நானே வெட்டிடலாமா?

பொது இடத்து மரத்தை நீங்களாக வெட்டக் கூடாது. 1913 என்ற மாநகராட்சி எண்ணில் பருவமழைக்கு முன்பே பதிவு செய்து கிளைகளைக் கழிக்கச் சொல்லுங்கள். வர்தாவில் ஆயிரக்கணக்கில் சாய்ந்தவற்றில் செம்மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற அயல் மரங்கள் மிகுதி. வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசி மூச்சுமுட்ட வைத்திருந்தால் எந்த மரமும் பிடிமானம் இழக்கும். உங்கள் வாசலில் அப்படி இருந்தால் அதை உடைத்து மண்ணைத் திறந்துவிடுவதே மரத்துக்கும் உங்களுக்கும் நல்லது.

8. எங்க ஏரியாவுல தண்ணி நிக்குமா நிக்காதான்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

பழைய கறையைப் பாருங்கள். மதில் சுவரின் அடிப்பகுதியிலும், மின்சாரப் பெட்டிக்குக் கீழேயும், மாடிப்படியின் முதல் சில படிகளிலும் பழுப்பு நிறக் கோடு ஒன்று இருக்கும். மேலே எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் ஓரிரு ஆண்டில் உப்புப் பூத்து அந்தக் கோடு மீண்டும் தெரியும். 2015-லும் 2023-லும் எதுவரை வந்தது என்று இஸ்திரி வண்டிக்காரரையும் எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். வீட்டுத் தரகர் சொல்வதைவிட அவர்கள் கை காட்டும் உயரம் நம்பத்தக்கது. வாடகைக்கு வீடு தேடுபவர்கள் மழை நாளில் போய்ப் பார்ப்பது மிக நல்லது.

அடுத்து, தெருத் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். தென்சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். இடையில் சதுப்பு நிலம் சுருங்கிவிட்டது, மடுவின் வழி குறுகலானது. நடுச்சென்னைக்குக் கூவமும், தெற்கே அடையாறும், வடக்கே கொசஸ்தலையாறும் வடிகால்கள். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து அலை உள்ளே தள்ளும்போது, முகத்துவாரத்தில் மணல்மேடும் இருந்துவிட்டால், ஆறு கடலுக்குள் இறங்க முடியாமல் பின்வாங்கி நிற்கும். மழை நின்ற பிறகும் சில தெருக்களில் தண்ணீர் ஏறுவதற்கு இதுவே காரணம்.

9. புயல் ஆந்திராவுக்குப் போகுதுன்னு நிம்மதியா இருந்தோம், ஆனா எங்க தெருவே மூழ்கிடுச்சே?

மிக்ஜாம் 2023 டிசம்பர் 5-ல் பாபட்லாவுக்கு அருகே கரை கடந்தது; ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் சென்னைக்குக் கிழக்கே கடலில், மிக மெதுவாக நகர்ந்தபடி மழையைத் தொடர்ந்து நகரின் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. கரையைக் கடக்கும் இடம் காற்றுக்கும் கடல் சீற்றத்துக்கும்தான் முதன்மையானது. மழையைப் பொறுத்தவரை, புயல் நம் அருகே எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதே கணக்கு. எனவே செய்தியில் "எங்கே கரை கடக்கும்" என்பதோடு "மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது" என்பதையும் கேளுங்கள். நகரும் வேகம் 10 கி.மீ.க்குக் கீழே போய், மையமும் நமக்கு அருகே இருந்தால், 8-ஆம் பதிலில் சொன்ன தாழ்வான தெருக்காரர்கள் உடனே பொருட்களை மேலே ஏற்றத் தொடங்க வேண்டும்.

10. காரை ஃப்ளைஓவர்ல நிறுத்தலாமா? தண்ணி ஏறின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

2024 அக்டோபரில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களில் வரிசையாகக் கார்கள் நின்ற காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முந்தைய ஆண்டு வண்டியை இழந்தவர்களின் பதற்றம் நியாயமானது. எனினும் ஆம்புலன்ஸும் மீட்பு வாகனமும் போகும் வழி அடைபடாதபடி, காவல் துறை அனுமதிக்கும் ஓரத்தில் மட்டும் நிறுத்துங்கள். மேடான பகுதியில் உள்ள உறவினர் வீடோ, பல அடுக்கு வாகன நிறுத்தமோ இதைவிட நல்ல இடம். அடித்தளப் பார்க்கிங்கில் விட்டுவைப்பது மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் உள்ளே புகத் தொடங்கிய பிறகு வண்டியை எடுக்க யாரும் அங்கே இறங்கவும் கூடாது. சரிவுப் பாதையில் வரும் வெள்ளம் சில நிமிடங்களில் வெளியேறும் வழியை அடைத்துவிடும்.

தண்ணீர் ஏறிய வண்டியின் சாவியைத் திருப்பவே வேண்டாம். இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் வீணாகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியில் அனுப்புங்கள். மின்சார ஸ்கூட்டரைச் சரிபார்க்காமல் சார்ஜ் போடாதீர்கள். ஓடும் வெள்ளம் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். ஆகவே கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் போன்ற சுரங்கப்பாதைகளில் தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள்.

11. மழைக்கு முன்னாடியே கரண்டை நிறுத்திடுறாங்க, ஏன்? வீட்டு மெயினை எப்போ நாம ஆஃப் பண்ணணும்?

சென்னையில் பெரும்பகுதி மின்சாரம் நிலத்தடிக் கேபிள் வழியாகத் தெருவோரப் பில்லர் பெட்டிகளுக்கு வருகிறது. அந்தப் பெட்டிகள் இடுப்பளவு உயரத்தில்தான் இருக்கின்றன. தண்ணீர் அவற்றைத் தொடும் முன்னர் இணைப்பைத் துண்டிப்பது உங்கள் உயிரைக் காக்கத்தான். 2024-ல் ஃபெஞ்சலின்போது சென்னையில் மின்சாரம் தாக்கி உயிர்கள் போயின. தண்ணீரில் நிற்கும் பில்லர் பெட்டி, தெருவிளக்குக் கம்பம், ஏ.டி.எம். வாசல், கடைகளின் இரும்பு ஷட்டர் ஆகியவற்றைக் கையால் தொடாதீர்கள். அறுந்த கம்பியைப் பார்த்தால் விலகி நின்று, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

வாசற்படியைத் தண்ணீர் நெருங்கும்போதே, கால் உலர்ந்திருக்கும் நிலையில், மெயினை நிறுத்துங்கள். தரையில் தண்ணீர் வந்துவிட்டால் அதில் நின்றுகொண்டு மீட்டர் பெட்டியைத் திறக்க வேண்டாம். பலர் மறந்துவிடும் ஆபத்து இன்வெர்ட்டர்: மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகும் அது உங்கள் வீட்டு பிளக்குகளுக்கு 230 வோல்ட் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்து, பேட்டரியை மேசை மேல் ஏற்றுங்கள். அடுக்ககங்களில் லிஃப்டை மேல்தளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஜெனரேட்டரை மூடிய இடத்தில் ஓட்டினால் அதன் புகையில் உள்ள நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

12. காத்து சட்டுன்னு நின்னுடுச்சு, வெயில் கூட எட்டிப் பார்க்குது. புயல் போயிடுச்சா?

கரை கடக்கும் நேரத்தில் இப்படி ஆனால் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். வலுவான புயலின் நடுவில் கண் என்று சொல்லப்படும் அமைதியான பகுதி உண்டு. அது நம் மேல் கடக்கும்போது காற்று அடங்கிவிடும். கண்ணின் மறுகரை வந்து சேர்ந்ததும் நேர் எதிர்த் திசையிலிருந்து, சில வேளைகளில் முன்னைவிட வேகமாக, காற்று வீசத் தொடங்கும். நம் பக்கப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்வதால், மேற்கு நோக்கி வரும் புயலில் முதலில் வடக்கிலிருந்தும், கண் கடந்த பிறகு தெற்கிலிருந்தும் அடிக்கும்.

வர்தா சென்னையைக் கடந்த மாலையில் இதைத்தான் ஊரே கண்டது. முதல் காற்றில் ஒரு பக்கமாக ஆட்டம் கண்டு வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் காற்றில் மறுபக்கம் சாய்கின்றன. அமைதியில் வெளியே வந்து, விழுந்த மரத்தைப் படம் எடுப்பவர்கள், வண்டியை நகர்த்தப் பார்ப்பவர்கள், பால் வாங்க ஓடுபவர்கள் எல்லோரும் அந்த மறுகாற்றில் சிக்கிக்கொள்வார்கள். புயல் முழுவதுமாகக் கடந்துவிட்டது என்று வானிலை மையம் அறிவிக்கும் வரை ஜன்னலிலிருந்து தள்ளி, உள்ளறையில் இருங்கள்.

13. செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்களாம், நாங்க எல்லாரும் கிளம்பணுமா?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. வினாடிக்கு ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். சில நூறு கன அடி திறப்பது ஏரியைக் காக்கச் செய்யும் வழக்கமான பணி. 2015 டிசம்பரில் திறந்துவிடப்பட்ட அளவு 29,000 கன அடியை எட்டியது. அளவு சில ஆயிரங்களைத் தாண்டி உயர்ந்துகொண்டே போனால், ஆற்றங்கரையோரம் தாழ்வாக இருப்பவர்கள் அரசு அறிவிப்பை எதிர்பார்த்துப் பையைக் கட்டி வைத்திருக்க வேண்டும்.

அடையாற்றங்கரை அல்லாதவர்களுக்கு இந்த ஏரியால் நேரடி ஆபத்தில்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் ஏறும் வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வருவது. அந்தப் பகுதிகள் அடையாற்றில் செம்பரம்பாக்கத்து நீர் சேரும் இடத்துக்கும் மேலே இருக்கின்றன. பூண்டி ஏரியைத் திறந்தால் கவனிக்க வேண்டியவர்கள் கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ள மணலி, சடையங்குப்பம், எண்ணூர் மக்கள். "ஏரி உடைந்துவிட்டது" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு ஒவ்வொரு பெருமழையிலும் சுற்றும். 1070 என்ற மாநிலக் கட்டுப்பாட்டு அறையிலோ, டி.என்.அலர்ட் செயலியிலோ சரிபார்க்காமல் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

14. தரைத்தளத்துல இருக்கோம். போட் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்தானே?

கூடாது. படகு வருவதற்கு நேரம் ஆகும். அரக்கோணத்தில் தளம் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையும், தீயணைப்புத் துறையும், 2015-ல் ஓடோடி வந்த மீனவர்களும் எல்லாத் தெருக்களிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. குறுகிய சந்துகளில் படகு நுழையவும் முடியாது. தெருவில் தண்ணீர் கணுக்காலளவு இருந்து, இன்னும் ஏறுகிறது, இருட்டவும் போகிறது என்றால் அதுவே கிளம்ப வேண்டிய நேரம். மேல்தளத்து வீட்டுக்காரரிடம் மழைக்காலத்துக்கு முன்பே பேசிவைப்பது இன்னும் நல்லது. இந்த ஊரில் அப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

தரைத்தளத்தில் வெள்ளத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் வாசலில் தெரிவதில்லை, கழிப்பறையில் கேட்கும். கோப்பையில் குமிழி விட்டு "குளுக், குளுக்" என்று சத்தம் வந்தால் பாதாளச் சாக்கடை நிரம்பிப் பின்வாங்குகிறது என்று பொருள். மணல் நிரப்பிய பாலித்தீன் பையைக் கோப்பைக்குள் இறுக்கி வையுங்கள், குளியலறை வடிகாலையும் துணிப் பொதியால் அடையுங்கள். கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள், மெயினை நிறுத்துங்கள், நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். நடக்கும்போது கையில் கம்பு ஒன்றை வைத்துத் தரையைத் தட்டிப் பார்த்தபடி சாலையின் நடுவிலேயே செல்லுங்கள்; மூடியில்லாத வடிகால் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். தண்ணீர் வடிய வேண்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்து வைப்பது கொலைக்குச் சமம்.

15. அம்மாவுக்கு இன்சுலின், அப்பாவுக்கு டயாலிசிஸ். நாங்க என்ன பண்றது?

டயாலிசிஸ் மையத்தில் பேசி, எச்சரிக்கை வந்த உடனேயே சிகிச்சையை ஒரு நாள் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். பிரசவ நாள் நெருங்கியவர்களும், வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருப்பவர்களும், 8-ஆம் பதிலில் சொன்ன தாழ்வான பகுதியில் இருந்தால், புயலுக்கு முன்பே மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாறிவிடுவது நல்லது. 108 ஆம்புலன்ஸ் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி வர முடியாது.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக நான்கு வாரங்கள் வரை அறை வெப்பத்தில் தாங்கும். பிரிக்காத மருந்தை, மின்சாரம் போனால், ஈரமான மண்பானைக்குள் தண்ணீர் படாதபடி உறையிட்டு வையுங்கள். பனிக்கட்டியோடு நேரடியாக வைத்து உறைய விட்டால் மருந்து கெட்டுவிடும்.

16. தண்ணி வடிஞ்சிடுச்சு. சம்ப் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கலாமா?

வெள்ளம் புகுந்த சம்பில் சாக்கடையும், வண்டிகளின் எண்ணெயும் கலந்திருக்கும். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், எண்ணெயும் ரசாயனமும் போகாது. முழுவதும் இறைத்து, சேற்றை வழித்து, பிளீச்சிங் பவுடரால் கழுவிய பிறகே நிரப்புங்கள். அதுவரை குடிநீர் வாரிய லாரித் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், நடந்த விவரத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் புண்கள் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றோ டெங்கு என்றோ எண்ண வாய்ப்பு அதிகம். அலமாரிக்கு அடியிலும் காலணிக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். காலை அசைக்காமல் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

17. இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா வெள்ளத்துக்குத் தர மாட்டேன்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

அது பாலிசியைப் பொறுத்தது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த வண்டிக்கு வெள்ளச் சேதம் கிடைக்காது. முழுமையான காப்பீட்டில் கிடைக்கும். ஆனால் 10-ஆம் பதிலில் சொன்னபடி தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டிருந்தால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். வீட்டுக்கு, 2021 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். கட்டடத்துக்கு மட்டும் எடுத்தீர்களா, உள்ளே உள்ள பொருட்களுக்கும் சேர்த்தா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த பலருக்குக் கட்டடம் மட்டுமே அடங்கியிருக்கும்.

சேறு படிந்த பொருட்களைக் குப்பை வண்டியில் போடுவதற்கு முன், தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி சுவரோடு சேர்த்துப் படம் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் போன்றவற்றில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் தனியாகப் படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை பழுது பார்க்கத் தொடங்காதீர்கள். அவர் வரத் தாமதமானால், அந்தத் தாமதத்தையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டு, ஒப்புதல் பெற்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள்.